கேட்டுக்கிறேன், சொல்ல மாட்டேன்

கதவு மூடிய பிறகுதான் அவருடைய உதடுகள் அசையத் தொடங்குகின்றன. இரண்டாவது மாடியைத் தாண்டும்போது ஒரு பெயர், மூன்றாவதைத் தாண்டும்போது இன்னொரு பெயர். உற்றுக் கேட்டால்தான் அவை பெயர்கள் என்று தெரியும். இல்லாவிட்டால் ஏதோ பழைய பாட்டை முணுமுணுக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். ஐந்தாவது மாடியில் கதவு திறந்ததும் உதடுகள் நின்றுவிடும். "ஆபரேஷனா? இடது பக்கம் போங்க. உக்கார பெஞ்ச் இருக்கு." அவ்வளவுதான். மறுபடி கதவு, மறுபடி பெயர்கள்.

"கீழேருந்து ஆறாவது மாடி போறதுக்குள்ள நாலு பேருக்காக ஆண்டவர்கிட்ட கேட்டுடலாம் தம்பி. நடுவுல யாராவது ஏறிட்டா ரெண்டு பேருக்குத்தான் முடியும்" என்றார் என்னிடம் ஒருநாள்.

அந்த ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடங்களாக லிப்ட் ஓட்டுகிறார். இரண்டு லிப்ட்களில் பெரியது அவருடையது. ஸ்ட்ரெச்சர் நீளவாக்கில் நுழையும். உள்ளே அவருக்கு ஒரு முக்காலி உண்டு. ஸ்ட்ரெச்சர் ஏறினால் முக்காலியைக் காலால் மூலைக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொள்வார். படுத்திருப்பவர் முன்னால் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. டாக்டர்கள் அவரை "லிப்ட்!" என்று கூப்பிடுகிறார்கள், நர்சுகள் "ஐயா" என்கிறார்கள், பெருக்கித் துடைக்கும் பெண்கள் "அண்ணே" என்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பார். மணிக்கொரு தரம் ஈரத் துணியால் பொத்தான்களைத் துடைப்பார். துடைத்துத் துடைத்து ஐந்தாம் எண் பாதி அழிந்து, பார்க்கிறவர்களுக்கு ஆறா ஐந்தா என்று குழப்பம் வரும். அதற்குத்தான் அவர் இருக்கிறாரே.

லிப்டுக்குள் எல்லோரும் எல்லோரிடமும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "எல்லாம் சரியாயிடும்." மருமகள் மாமியாரிடம் சொல்வாள், முன்பின் தெரியாதவர்கூடப் பக்கத்தில் அழுகிறவரிடம் சொல்வார். அந்தப் பெட்டிக்குள் ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது அது சொல்லப்படும். சொல்லாதவர் அவர் ஒருவர்தான். யாராவது அவரைப் பார்த்தே கேட்டுவிட்டால், "எனக்குத் தெரியாது. கேட்டுக்கிறேன். பேரு என்ன சொன்னீங்க?" என்பார்.

இதை வைத்து நர்சுகள் கிண்டல் செய்வார்கள். "வெளிய மழை பெய்யுதான்னு கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்வார். இந்த லிப்ட் மேல போகுதா கீழ போகுதான்னு கேளுங்க, அது ஒண்ணுக்குத்தான் தைரியமாப் பதில் வரும்." அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கும்போது முகத்தின் மேல்பாதி சிரிப்பில் கலந்துகொள்ளாது.

என் அக்கா இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு இருபத்து மூன்று நாள் அங்கே படுத்திருந்தாள். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் காகிதங்களுக்குமாக நான் ஒரு நாளைக்குப் பதினைந்து முறை மேலும் கீழும் போய்வந்தேன். அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு: யாராக இருந்தாலும் மூன்று கேள்வியில் அவர்கள் வீட்டுச் சமையலறை வரை போய்விடுவாள். எக்ஸ்ரே எடுக்க ஒருநாள் ஸ்ட்ரெச்சரில் போனபோது, மல்லாந்து படுத்தபடியே அவரைப் பார்த்துக் கேட்டாள்: "என்ன ஐயா, எனக்கு நடை வருமா வராதா? மனசுல பட்டதைச் சொல்லுங்க." "மனசுல படறதைச் சொல்றதை நிறுத்திட்டேம்மா" என்றார் அவர். அக்கா விடுவாளா? "ஏன் நிறுத்தினீங்க?"

"கேட்டா சொல்லணும். கேக்காதவங்ககிட்ட நானாப் போய்ச் சொன்னா அதுவும் ஒரு பெருமை ஆயிடும்" என்று ஆரம்பித்தவருக்கு அதைச் சொல்லி முடிக்க ஆறு நாள் ஆனது. லிப்டில் கொஞ்சம், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்து பெஞ்சில் தேநீர் இடைவேளையில் கொஞ்சம், அக்காவின் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு கொஞ்சம்.

எட்டு வருடங்களுக்கு முன்பு வரை அவரை "லிப்ட்காரர்" என்று அவருடைய சபையில் யாரும் சொன்னதில்லை. "தீர்க்கதரிசி" என்றுதான் சொல்வார்கள். பாதி விளையாட்டாக ஆரம்பித்தது, பிறகு விளையாட்டு கழன்று போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை நடத்துபவர் அவர்தான். கண்ணை மூடி வெகுநேரம் இருப்பார். திறந்ததும், "ஆண்டவர் சொல்றார்" என்று தொடங்குவார். காணாமல் போன ஒருவர் மகன் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு திரும்புவான் என்றார். சனிக்கிழமையே வந்து நின்றான். ஒன்பது வருடமாகக் குழந்தையில்லாத பெண்ணிடம் தொட்டில் வாங்கி வை என்றார். அவள் தொட்டிலை வாங்கிய கையோடு வாந்தி எடுத்தாள். நடக்காமல் போனவையும் உண்டு. அவற்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, அவர் உட்பட.

"எனக்குப் பிடிச்சிருந்தது தம்பி. இங்க பகலெல்லாம் 'ஏ லிப்ட், கீழ வா'ன்னு சத்தம் போடுவாங்க. சாயந்தரம் அங்க போனா என்னைப் பாத்ததும் கூட்டம் எழுந்து நிக்கும். ஆண்டவரைச் சொல்றேன்னுதான் நினைச்சேன். என்னைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அந்தச் சபையில் ஒரு வெல்டர் இருந்தார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிறவர். அவருடைய மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. உடனே அறுத்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். தாய் ஆபரேஷன் மேசையில் போய்ச் சேர்ந்தவள். இருவரும் அவரிடம் வந்தார்கள். பதினோரு வயது மகள் வாசலில் நின்றிருந்தாள். "அண்ணே, ஆண்டவர் என்ன சொல்றார்னு கேட்டுச் சொல்லுங்க. அவர் சொன்னபடி செய்யறோம்" என்றார் வெல்டர்.

இவர் மூன்று நாள் உபவாசம் இருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர்களைக் கூப்பிட்டு, சபையார் கேட்க, "கத்தி வேண்டாம்னு சொல்றார். அவர் கையே போதும்கிறார். சுகமாயிடும்" என்றார். அவள் தரையில் விழுந்து அழுதாள், சந்தோஷத்தில்.

"உங்களுக்கு அது கேட்டுதா, நிஜமாவே?" என்று நான் கேட்டேன்.

தேநீர்க் குவளையைப் பெஞ்சில் வைத்தார். "ஏதோ ஒண்ணு கேட்டுது. இப்ப யோசிச்சா அது என் குரல்தான். அந்தப் பொண்ணைப் பாத்தா எனக்கு மனசு தாங்கலை. அவ எதைக் கேக்கணும்னு ஆசைப்பட்டாளோ அதுவே என் வாயில வந்துச்சு. 'தெரியலைம்மா, டாக்டர்கிட்ட போங்க'ன்னு சொல்லியிருக்கலாம். மூணு நாள் பட்டினி கிடந்துட்டு தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துது. அந்த வெக்கத்துக்குத்தான் அவ செத்தா."

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் கீழ்த்தளத்தில் கதவு திறந்தபோது ஸ்ட்ரெச்சரில் அவள் இருந்தாள். முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு சுருங்கியிருந்தாள். வெல்டர் கீழே சேர்க்கைச் சீட்டுக்காக நின்றிருந்தார். தள்ளிக்கொண்டு வந்த ஊழியரைத் தவிர வேறு யாரும் இல்லை. இவர் முக்காலியை மூலைக்குத் தள்ளிவிட்டு நின்றார். இரண்டாவது மாடி தாண்டியதும் அவள் கண்ணைத் திறந்தாள்.

"அண்ணே... அவர் நெஜமாவே சொன்னாரா?"

அது ஆண்டவர் குரல் இல்லை என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரியும். ஐந்து மாதத்தில் எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனாலும் "சொன்னாரும்மா" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மொத தடவை நானே ஏமாந்து சொன்னேன். அதைக்கூட அறியாமைன்னு தள்ளிடலாம். ரெண்டாவது தடவை தெரிஞ்சே சொன்னேன். ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னேன்னு நீங்க சொல்வீங்க. எங்க பாஸ்டரும் அதான் சொன்னார். இல்ல தம்பி. அவ கண்ணுல நான் சின்னவனாயிடக் கூடாதுன்னு சொன்னேன்."

ஒன்பதாம் நாள் அவளைக் கீழே கொண்டுபோனதும் அவர்தான். அன்று அவருடைய முறை.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். போதகர் வீட்டுக்கே வந்து தடுத்தார். கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். "நாலு சுவத்துக்குள்ள அழுது தீத்துடுங்க. ஆண்டவர் மன்னிச்சிடுவார். சபையில சொன்னா எத்தனை பேரோட விசுவாசம் ஆடிப் போகும், யோசிச்சீங்களா?" என்று கேட்டார். இவர் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை: "பெருமை அடிச்சது சபையில. அழறது மட்டும் வீட்லயா ஐயா?"

"கீழ்ப்படிங்க, கீழ்ப்படிங்கன்னு பத்து வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்குன்னு அவர் சொன்னது, 'சபையில எழுந்து சொல்லு'ங்கற அந்த ஒண்ணுதான்னு நினைக்கிறேன். அதுகூட அவர் சொன்னாரா, தெரியாது. ஆனா செய்யறதுக்கு எனக்குக் கொஞ்சங்கூட ஆசை இல்ல. அதனால என் குரலா இருக்காதுன்னு நம்பினேன்."

அந்த ஞாயிறு காலை அவர் மனைவி அவர் சட்டையை இரண்டு முறை தேய்த்தாள். பள்ளிக்கூட விடுதி ஒன்றில் சமையல் செய்கிறவள், பேச்சு குறைவு. "என்ன பேசப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். சொன்னார். "நான் பக்கத்துல உக்காந்துக்கவா, பின்னாடி உக்காந்துக்கவா?" என்றாளாம். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் எழுந்து நின்று பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஆண்டவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நான் சொன்னது என் ஆசை, அவள் சாகும்முன் கேட்டபோதும் பொய் சொன்னேன், என்றார். வெல்டர் மூன்றாவது வரிசையில் இருந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நடுவழியாக வெளியே போய்விட்டார். அதன்பிறகு அவர் எந்தச் சபைக்கும் போகவில்லை.

மற்றவர்கள் கோபப்பட்டார்கள். அதில் ஒரு வேடிக்கை. இறந்தவளுக்காகக் கோபப்பட்டவர்கள் சிலர்தான். "அப்போ என் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க சொன்னதும் பொய்யா? ரெண்டு குழந்தை பொறந்தாச்சே!" என்று ஒருத்தி அங்கேயே சண்டைக்கு வந்தாள். "என் வேலை மாத்தலுக்குச் சொன்னது?" என்றார் ஒருவர். தொட்டில் வாங்கியவள் மட்டும், "என் பிள்ளை இருக்கான், அது பொய்யில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். பத்து வருடம் கொடுத்ததையெல்லாம் ஒரே நாளில் திரும்பப் பிடுங்கிக்கொண்டவரைப்போல் அவரை எல்லோரும் பார்த்தார்கள். புதன்கிழமைக் கூட்டம் வேறொருவர் கைக்குப் போனது. இவர் கடைசி பெஞ்சுக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து, ஆறிவிட்டது, வாருங்கள் என்று போதகரே கூப்பிட்டார். "இங்கேருந்தே நல்லாக் கேக்குது ஐயா" என்று மறுத்துவிட்டார்.

வெல்டரின் பட்டறைக்குப் போனார். இரும்புத் துண்டுகளுக்கு நடுவே முகமூடியை மாட்டிக்கொண்டு வெல்டர் ஒரு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். இவர் வந்தது தெரிந்தும் முகமூடியைத் தூக்கவில்லை. இவர் ஒரு மணி நேரம் நின்றார். பொறி பறந்துகொண்டே இருந்தது. அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும். ஏழாவதோ எட்டாவதோ தடவை வெல்டர் வேலையை நிறுத்தி, முகமூடிக்கு உள்ளிருந்தே பேசினார்.

"நீ மன்னிப்பு கேட்டா உனக்கு லேசாயிடும். எனக்கு என்ன ஆகும்?"

இவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"வராதே. இனிமே நீயா என்னைத் தேடி வராதே. உனக்குச் செய்யத் தெரிஞ்சா அதைச் செய்."

செய்தார். எட்டு வருடம் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. பேருந்து அந்த வழியாகப் போகும் என்பதால் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார். அழுவது, விழுந்து கும்பிடுவது, எல்லோர் முன்னாலும் அவமானப்படுவது, எல்லாம் செய்யத் தயாராக இருந்த மனிதருக்கு, ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் விதிக்கப்பட்டது. "அதுதான் கஷ்டம் தம்பி. மத்ததெல்லாம் சுலபம்."

ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவியைப் பார்த்தேன். அக்கா வழக்கம்போல மூன்று கேள்வி கேட்டாள். "முன்னாடியெல்லாம் வீட்டுக்கு வந்தா ஆண்டவர் இன்னைக்கு என்ன சொன்னார்னு சொல்லிக்கிட்டே சாப்பிடுவாரு. இப்ப நானாக் கேட்டாலும், 'உப்பு கொஞ்சம் போடு'ன்னுதான் பதில் வருது" என்றாள். நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு முந்தானையால் பாத்திரத்தின் மூடியைத் துடைத்தபடி, "விடிகாலைல முழங்கால்ல நிப்பாரு. வாயே திறக்க மாட்டாரு. காது கேக்காதவங்க ஒரு பக்கமாத் தலையைச் சாய்ப்பாங்க இல்ல, அப்படி நிப்பாரு. பாக்க முடியாது" என்றாள்.

இதை நான் அவரிடம் மறைமுகமாகக் கேட்டேன். "ஆண்டவர் பேசறதில்ல தம்பி. எட்டு வருஷமாச்சு. திட்டினாக்கூடப் பரவாயில்லன்னு இருக்கு. ஆனா அவர் பேசினாத்தான் கேப்பேன்னு நான் சொல்ல முடியுமா? கேக்கறது என் வேலை. பேசறதும் பேசாததும் அவர் இஷ்டம்." சொல்லிவிட்டு அவசரமாக எழுந்தார். மேலே யாரோ மணியடித்துவிட்டார்கள்.

அக்கா வீட்டுக்குக் கிளம்புவதற்கு நான்கு நாள் இருக்கும். லிப்டில் நானும் அவரும் இருந்தோம். நாலாவது மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கணவனைச் சேர்த்திருந்த ஒரு பெண் ஏறினாள். லிப்ட்காரரைப் பற்றி யாரோ பழைய ஆட்கள் சொல்லியிருக்க வேண்டும். பழைய பெயரை மட்டும் சொல்லி, கதையின் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அவர் முன்னால் கைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றாள். "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. பிழைச்சுக்குவார்னு உங்க வாயால சொல்லுங்க. அது போதும் எனக்கு."

அவருடைய தாடை இறுகி இறுகித் தளர்ந்தது. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"எனக்குத் தெரியாதும்மா. டாக்டர் என்ன சொல்றாரோ அதைச் செய்யுங்க. நான் கேட்டுக்கிறேன். அவர் பேரு என்ன?"

"பேரா? நீங்கெல்லாம் ஒரு விசுவாசியா? ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வரலையே உங்களுக்கு!" அவள் கீழ்த்தளத்தில் கதவு முழுதாகத் திறப்பதற்குள் இடித்துக்கொண்டு வெளியேறினாள். ஆனால் நாலடி போனவள் நின்று, திரும்பாமலேயே ஒரு பெயரைச் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "கேட்டீங்க, சொன்னேன். எழுதுங்க. நல்லவன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார்.

அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்துப் போகும் நாள் வந்தது. ஆறாவது மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். இரண்டாவது மாடியில், கண் பிரிவில், கதவு திறந்தது. வெளியே ஓங்குதாங்கான ஒரு மனிதர். இரண்டு கண்களையும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. முழங்கைவரை பொட்டுப் பொட்டாகப் பழைய தீக்காயங்கள். பத்தொன்பது வயதிருக்கும் ஒரு பெண் அவர் கையைப் பிடித்திருந்தாள். லிப்டுக்குள் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடுத்ததுல போலாம்ப்பா."

"ஏன், இடமில்லையா?"

"தாராளமா இருக்கு, வாங்க" என்றாள் என் அக்கா, ஒன்றும் அறியாமல்.

வெல்டர் உள்ளே வந்தார். லிப்ட்காரர் முக்காலியிலிருந்து எழுந்து, பலகையோடு பலகையாக ஒட்டி நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அக்காவின் தோளை மெல்ல அழுத்தினேன். இரும்புச் சில்லு தெறித்துவிட்டதாம், ஒரு கண் தப்பிக்கும் என்கிறார்களாம். அதைப் பிறகுதான் நர்சிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. வெல்டர் காலை எடுத்து வைத்தபோது வாசல் இடுக்கில் செருப்பு மாட்டிக் கழன்றுவிட்டது. வெறுங்காலால் தரையைத் தடவினார். மகளின் ஒரு கை அப்பாவைப் பிடித்திருந்தது, இன்னொரு கையில் பையும் மருந்தும் காகிதங்களும். அவள் குனிவதற்குள் லிப்ட்காரர் முழங்காலிட்டுவிட்டார். செருப்பை இடுக்கிலிருந்து எடுத்தார். ஒரு கையால் வெல்டரின் குதிகாலைத் தாங்கிப் பிடித்தார்.

"யாரது?" என்றார் வெல்டர்.

மகள் லிப்ட்காரரைப் பார்த்தாள். பதில் சொல்லாமல் இருந்துவிட அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. அந்தப் பெண் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள்.

"நான்தான்" என்றார். "லிப்ட்காரன்."

அந்தக் கால் அவர் கையில் விறைத்தது. கதவு மூட முயன்று, எங்கள் மேல் இடித்துத் திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. வெல்டரின் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"மாட்டு" என்றார்.

அவர் மாட்டினார். கட்டைவிரல் வளையத்துக்குள் சரியாகப் போயிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், குதிகால் வாரைச் சரிசெய்தார். வெல்டர் வாசலைத் தாண்டுவதற்காக ஒரு பிடிப்பைத் தேடிக் கையை நீட்டினார். சுவர் எட்டவில்லை. காற்றில் துழாவிய அந்தக் கை கீழே இறங்கி, மண்டியிட்டிருந்தவரின் தலையில் பட்டது. பட்டதும் ஒரு கணம் நின்றது. பிறகு முழுப் பாரத்தையும் வைத்து அங்கேயே ஊன்றியது.

கை வசதியாக ஊன்றிக்கொள்ளட்டும் என்று, லிப்ட்காரர் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.